ஓரத்தில் எழுதிய பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல்களையும் அந்நாட்டு அரசியலையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசி காலத்தைப் பற்றிய நாவல்தான் அங்கே ஓட்டுப் போட வைத்தது, இங்கே அது இங்கிலீஷ் படிக்கிற மேல்தட்டோடு நின்றுவிடும், நம் லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டத்தின் கிளைதான் என்கிறது கட்டுரை. பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பூண்டுக் கதையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். 1984-ல் என் வீட்டுக்காரர் வாடகை நூல் நிலையமாகத் தொடங்கியது. மாத நாவலுக்கு நாளைக்கு 25 பைசா, தடித்த இங்கிலீஷ் புத்தகத்துக்கு ஒரு ரூபாய். அவர் காலமான பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை, சீசனுக்கு வருகிறவர்கள் விலைக்கு வாங்கிப்போவதோடு சரி. இந்த ஊரில் புத்தகக் கடை நடத்துவது என்றால் பாதி நேரம் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டுவதுதான். மழைக்காலத்தில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் தலைகாட்டியதும் புத்தகங்களை வாசல் பெஞ்சில் பரப்பி, தாள் தாளாகப் பிரித்து ஆற விடுவேன். யார் எந்தப் பக்கத்தில் என்ன கிறுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

இங்கிலீஷ் கிறிஸ்தவப் புத்தகங்களுக்கு இங்கே என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஊர் உண்டானதே அப்படித்தானே. 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கீழேயுள்ள காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி இரண்டு பங்களா கட்டினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் கட்டில், ஸ்டவ், ஸ்வெட்டர் இவற்றோடு புத்தகப் பெட்டியையும் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி 1998 வாக்கில் வந்த ஒரு பெட்டியில்தான் உங்கள் கட்டுரையாளர் சொல்லும் ‘லெஃப்ட் பிஹைண்ட்’ இருந்தது. டிம் லாஹே என்ற போதகரும் ஜெர்ரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த நாவல். 2007-க்குள் வரிசையாகப் பதினாறு புத்தகங்கள் வந்து, ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன.

நானும் படித்தேன். ராத்திரி லண்டனுக்குப் பறந்துகொண்டிருக்கும் விமானம். பாதி வழியில் பார்த்தால் பல சீட்டுகளில் ஆளைக் காணோம். சட்டை, பேன்ட், மூக்குக்கண்ணாடி எல்லாம் உட்கார்ந்த வாக்கில் அப்படியே கிடக்கின்றன. விசுவாசிகள் ஒரு நொடியில் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள். நம் சபைகளில் ‘இரகசிய வருகை’ என்று சொல்வார்களே, அதுதான். தலைப்புக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை, மத்தேயு 24-ல் இருக்கிறது: “இரண்டுபேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்.” மற்ற நாவல்களெல்லாம் போனவர்களைத் தேடும். இது கைவிடப்பட்டவர்களின் கதை. பொய் சொல்ல மாட்டேன், அன்று ராத்திரி உலை வைக்க மறந்துவிட்டேன்.

அந்தக் கதையில் ருமேனியா நாட்டுக்காரன் ஒருவன் ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக வருகிறான். அழகன், பல மொழி பேசுகிறவன். ஆயுதங்களைக் குறைப்போம், இஸ்ரேலோடு ஏழு வருட ஒப்பந்தம் போடுவோம், உலகமெல்லாம் சமாதானம் என்கிறான். அவன்தான் அந்திக்கிறிஸ்து, கடைசி காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிறவன்.

என்னிடம் வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்தப் பிரதியை எடுத்துப் போனார். திரும்பி வந்த புத்தகத்தை அடுத்த வெயிலில் விரித்தபோது, அவன் அறிமுகமாகும் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ‘கோஃபி அன்னான்?’ என்று, அப்போது நிஜமாகவே ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தவரின் பெயர் எழுதியிருந்தது. கையெழுத்து பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும், வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. “என்ன சார், வாடகைப் புத்தகத்துல எழுதலாமா?” என்று கேட்டேன். “எழுதலம்மா, குறிச்சேன்” என்றார்.

அதே புத்தகத்தை 2007-ல் இன்னொரு தடவை எடுத்தார். இந்தத் தடவை ‘அன்னான்’ மீது ஒரு கோடு. அதற்குக் கீழே நீல பால்பாயின்ட்டில், அந்த வருடம் அதே பதவிக்கு வந்த ‘பான் கி மூன்’. கேள்விக்குறி கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் ‘யூரோ நாணயம்’ என்று அடிக்கோடு வேறு. பத்து வருடம் பதவியில் இருந்து, நோபல் பரிசும் வாங்கி, வீட்டுக்குப் போய்விட்ட அன்னானைப் பற்றி இவர் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஒரு நிமிஷமாவது வருத்தப்பட்டிருப்பாரா? ஆள் மாறினால் மாறட்டும், இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. மூன்று தலைமுறைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

மாத நாவலில் கொலைகாரன் யார் என்று கடைசி அத்தியாயம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டு, மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகத்தோடு பார்த்த வாசகரை நான் பார்த்ததில்லை. நாற்பது வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொலைக்கதை வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கதை என்றால் கதை, அது எல்லோருக்கும் தெரியும். இந்த நாவல்கள் அப்படி முடிந்துவிடுவதில்லை. வேத வசனத்தைக் கையோடு கொண்டுவருகின்றன. புத்தகத்தை மூடிவிட்டுச் செய்தித்தாளைத் திறந்தால் அங்கே அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடுகிறது.

இந்த இரகசிய வருகைப் போதனை ஆதித் திருச்சபைக் காலத்திலிருந்தே வருவதாக எங்கள் சபையிலேயே பலர் நினைக்கிறார்கள். இப்போது பேசப்படும் வடிவில் கோத்துக் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து வெளியே வந்தவர். 1909-ல் ஸ்கோஃபீல்ட் என்ற அமெரிக்கர் அதை வேதாகமத்தின் அடிக்குறிப்பில் ஏற்றிவிட்டார், வெளியிட்டது ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம். வசனத்துக்குக் கீழேயே கிடந்தால் அடிக்குறிப்பும் நாளடைவில் வசனமாகிவிடும். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. டார்பியின் ஆரம்பகாலக் கூட்டாளி ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். 1860-ல் நடந்த எழுப்புதல் என்ற பக்தி எழுச்சிக்குப் பேர்போன திருநெல்வேலிக்காரர் ஜான் அருளப்பன் அவரிடம் பழகியவர்தான். அந்த குரோவ்ஸ், ‘நம்மோடு கருத்து ஒத்துப்போகிறவர்களோடு மட்டும்தான் ஐக்கியம் என்று சபையைக் குறுக்குகிறீர்களே’ என்கிற தோரணையில் 1836-ல் டார்பிக்கே ஒரு கடிதம் எழுதினார். நல்ல கடிதம். டார்பி கேட்கவில்லை. கடிதம் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

சரி, அரசியலுக்கு வருகிறேன். கட்டுரையாளர் அமெரிக்காவில் நாவல்தான் ஓட்டுப் போட வைத்தது என்கிற மாதிரி எழுதிவிட்டார். வரிசை அப்படி இல்லை. நாவல் 1995-ல்தான் வந்தது. கூட்டம் அதற்கு முன்பே கூடிவிட்டது. கருக்கலைப்பை அனுமதித்த 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்த கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு வரிச்சலுகை போன கோபம், இரண்டும் சேர்ந்துதான் போதகர்களை அரசியலுக்கு இழுத்தன. 1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ என்று ஓர் அரசியல் அமைப்பைத் தொடங்கியபோது கூட நின்றவர்களில் ஒருவர் இதே டிம் லாஹே. நாவலுக்குப் பதினாறு வருடம் முன்பே அவர் அரசியல்காரர்தான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஜிம்மி கார்ட்டர். 1976 தேர்தலில் ஜெயித்து அதிபரானவர், பாப்டிஸ்ட் சபைக்காரர், வாழ்நாள் முழுக்க ஞாயிறு பள்ளி நடத்தியவர். மறுபிறப்படைந்த கிறிஸ்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். 1978-ல் எகிப்தையும் இஸ்ரேலையும் கேம்ப் டேவிட்டில் பதின்மூன்று நாள் உட்கார வைத்து ஒப்பந்தம் போட வைத்தார். “சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்” என்று ஞாயிறு பள்ளியில் முதலில் மனப்பாடம் செய்வோமே, அதைச் செய்து காட்டிய மனிதர். அடுத்த தேர்தலில், 1980-ல், இந்தப் போதகர்கள் அவரைக் கைவிட்டுவிட்டு, விவாகரத்தாகி மறுமணம் செய்துகொண்ட சினிமா நடிகர் ரீகனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். கார்ட்டர் தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், பெட்ரோல் விலை, ஈரானில் பிணைக்கைதிகள் என்று. இருக்கட்டும். ஆனால் இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டுச் சமாதானம் பேசுகிறவன்தான் சாத்தானின் ஆள் என்று ஒரு கதை அதே ஜனங்கள் மத்தியிலிருந்து பின்னால் வந்ததும், அவர்களே அதைக் கோடிக்கணக்கில் வாங்கியதும் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. நாவல் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே மனசில் இருந்த சந்தேகத்துக்கு ஒரு முகமும் நல்ல கோட்டு சூட்டும் கொடுத்தது.

2016-ல் அங்குள்ள வெள்ளை எவாஞ்சலிக்கல் வாக்காளர்களில், அதாவது மறுபிறப்பையும் வேதத்தையும் அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டன்ட்களில், ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்குப் போட்டார்கள். 2018 மே 14 அன்று அமெரிக்கத் தூதரகத்தை எருசலேமில் திறந்தபோது ஜெபம் செய்தவர்களில் ஒருவர் ஜான் ஹேகி, கடைசி காலப் பிரசங்கத்துக்குப் பேர்போனவர். உலக வரைபடத்தை, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தோடு ஒட்டவைத்துப் பார்க்கிற பார்வை அரசாங்க விழா மேடை வரைக்கும் வந்துவிட்டது. அது வரைக்கும் உங்கள் கட்டுரை சொன்னது சரி.

இனி பூண்டுக் கதை.

இங்கிலீஷ் நாவல் படிக்கிற மேல்தட்டுக்காரர்களோடு இந்தப் பார்வை நின்றுவிடும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1999 செப்டம்பரில் எங்கள் பக்கத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கீழே சமவெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். பெயர் வேண்டாம். டியூப் லைட், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் தடபுடல். இரண்டாயிரம் பிறப்பதற்குள் கிறிஸ்துவின் வருகை என்றார். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு காட்சி சொன்னார்: “பறக்கிற விமானத்திலே ஆளைக் காணோம், சீட்டிலே உடுப்பு மாத்திரம் கிடக்குது!” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் படித்த நாவலின் முதல் அத்தியாயம். எங்கே படித்தார், யார் சொல்லிக் கேட்டார் தெரியாது, வசனம் சொல்கிற அதே குரலில் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் விமானத்தை ஆகாயத்தில் கோடு போட்டுப் போகும்போது பார்த்ததோடு சரி.

என் கொழுந்தனார் வில்பட்டியில் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. அந்த ஐப்பசியில் அவர் பூண்டு போடவில்லை. கறவை மாட்டை விற்று, பாதிப் பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். “அறுவடைக்கு நாம இருக்கப்போறதில்ல மதினி” என்றார் என்னிடம். அவர் மனைவி எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் விதைக்கு வைத்திருந்த பூண்டில் இரண்டு பிடியை மட்டும் உரச் சாக்குக்குள் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் கட்டி வைத்திருந்தாள். பின்னால்தான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. ஆயர் ஆசீர்வாதம் சொன்னார். கேக் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்து ஏழரை மணிக்குக் கொழுந்தனார் கடைக்கு வந்தார். கணப்புச் சட்டியில் கையைக் காட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், குடித்தார். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே பழைய புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “அண்ணே, விதைப்பூண்டுக்குப் பத்தாயிரம் கிடைக்குமா?” என்றார். கொடுத்தோம். அந்தப் போகம் போனது போனதுதான். பெரிய மகளை அந்த வருடம் நர்சிங் சேர்க்க முடியவில்லை.

பிரசங்கியார் 2001-ல் மறுபடியும் வந்தார். தலைப்பு வேறு. ஒருத்தர்கூட எழுந்து, போன தடவை சொன்னது என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. “அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர்தவிர மற்றொருவனும் அறியான்” என்று அதே மத்தேயு 24-ல் இருக்கிறது, மனப்பாடமாகவே தெரியும், வாய் வரவில்லை.

ஆதார் அட்டைக்குக் கண்ணையும் கையையும் பதிந்தபோது மூஞ்சிக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி, “அக்கா, என் நம்பர்ல 666 இருக்கா பாருங்க” என்று கடைக்கு வந்தாள். பன்னிரண்டு இலக்கத்தையும் கூட்டல் கணக்குப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். இல்லை. 666 என்பது கடைசி காலத்தில் வரும் மிருகத்தின் எண், அந்த மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வேதத்தில் இருக்கிறது. அட்டை இல்லாமல் ரேஷன் அரிசி கிடையாது என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவள் பயத்தை எப்படிக் குறை சொல்வது?

கிறிஸ்தவம் கதையைத் தொட்டாலே இப்படித்தான் ஆகும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டைக்காரர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவத் தமிழில் ஊறி வளர்ந்து கிறிஸ்தவரானவர், ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய, பாவ மூட்டையை முதுகில் சுமந்து நடக்கும் யாத்திரிகனின் கதையை எடுத்து ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதினார். 1894-ல் வந்தது. அதிலும் பயம் உண்டு, சேறு உண்டு, அரக்கன் உண்டு. ஆனால் மூட்டை அவனவன் முதுகில்தான். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் இன்னொருத்தன் பெயரை எழுத முடியாது. எழுதினால் தன் பெயரைத்தான் எழுத வேண்டும். என் கடையில் இரண்டு பிரதி இருக்கிறது, பதினோரு வருடமாக ஒன்றுகூட விற்கவில்லை. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கடைசியாக என் மனத்தாங்கல். கட்டுரையில் ஓர் இடத்தில் ‘இந்த எவாஞ்சலிக்கல் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலும் கிளைகள் உண்டு’ என்று எழுதி, உதாரணத்துக்குத் தமிழ் எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபையைக் குறிப்பிட்டிருக்கிறார். ஐயா, அது 1919-ல் அமைந்த சபை. 1706-ல் தரங்கம்பாடியில் கப்பல் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் வழி வந்தது. ஜெர்மன்காரர்கள் வாயில் அந்த வார்த்தைக்குப் புராட்டஸ்டன்ட் என்றுதான் பொருள். அமெரிக்கத் தேர்தல் செய்தியில் வரும் எவாஞ்சலிக்கலும் இதுவும் ஒன்றல்ல. நான் சி.எஸ்.ஐ., அவர்களுக்காகப் பரிந்து பேச வேண்டிய அவசியம் எனக்கில்லை.

காசாவில் போர் நடந்துகொண்டிருந்த 2023 கிறிஸ்துமஸுக்கு பெத்லகேமில் ஓர் ஆலயத்தில் தொழுவம் கட்டாமல், இடிந்த கற்களைக் குவித்து நடுவில் குழந்தை இயேசுவை வைத்தார்களே, அந்தப் படம் உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கலாம். அதுவும் எவாஞ்சலிக்கல் லுத்தரன் ஆலயம்தான். அங்கே இருப்பவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் ‘தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது’ என்று டாங்கிப் படத்தோடு ஒரு செய்தி சுற்றியது. நான் இந்தப் படத்தைப் போட்டேன். “இவங்க யாரு?” என்று ஒருவர் கேட்டார். பெத்லகேமில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. கடைசி காலக் கதையில் அவர்களுக்குப் பாத்திரம் இல்லை, அதனால் கண்ணில் படவில்லை. உங்கள் கட்டுரையாளருக்கும் அவர்கள் கண்ணில் படவில்லை. வாத்தியார் சார் ஓரத்தில் எழுதியதைத்தான் அவரும் செய்திருக்கிறார். வில்லன் என்று ஓர் இடம் போட்டு வைத்து, கையில் கிடைத்த பெயரை அதில் எழுதிவிட்டார். அந்த வரியை மட்டும் திருத்தி வெளியிட்டால் போதும்.

வாத்தியார் சார் 2014-ல் காலமாகிவிட்டார். அதனால் பான் கி மூனுக்குக் கீழே வேறு பெயர் இல்லை. அந்தப் பிரதியை நான் விற்கவில்லை, கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் கொடைக்கானல் பக்கம் வந்தால் வந்து பார்க்கட்டும். பஸ்ஸில் வந்தால் நாயுடுபுரத்தில் இறங்கி யாரிடம் கேட்டாலும் பழைய புத்தகக் கடை எது என்று சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.

இப்படிக்கு,
பழைய புத்தகக் கடைக்காரி,
நாயுடுபுரம், கொடைக்கானல்.